நல்ல பிரதி

பேசுவதற்கு முன்னால் அவருடைய உதடுகள் ஒருமுறை அசையும். சத்தம் வராது. சொல்ல வேண்டியதை உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்து, வேண்டாததைத் தள்ளிவிட்டு, பிறகுதான் வாயைத் திறப்பார். அப்படி வருகிற வாக்கியத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. எதிரில் நிற்பவர்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

“இன்னா மதாம், வாய்க்குள்ளயே வெல பேசி முடிச்சிட்டியா? முடிச்சிட்டன்னா எனக்கும் சொல்லு. வெயில் ஏறுது. மீனு காத்துக்கினு கெடக்காது.”

அவர் கோபப்பட மாட்டார். உதடுகளை அசைத்து முடித்துவிட்டு, “நாலு சங்கரா. தலையோட. செதில் எடுத்துக் குடு” என்பார். மீன்காரம்மா என் பக்கம் திரும்பி, “இத்தச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?” என்று கண்ணைச் சிமிட்டுவாள்.

தெருவில் எல்லோருக்கும் அவர் மதாம்தான். கல்யாணம் ஆகாதவரை மத்மசேல் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்கள் தெரு அவ்வளவு தூரம் போகவில்லை. நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். முத்தியால்பேட்டையில் அந்த வீட்டின் முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவர். இடையில் ஒரு கிணற்றடி. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது. எழுதலாமா என்று அனுமதி கேட்டிருக்கலாம்; ஆனால் பதில் வர நாளாகும். கடிதத்தையும் அவர் இரண்டு முறை எழுதுகிறவர்.

இரண்டு முறை எழுதுவது அவர் பிரெஞ்சுப் பள்ளியில் சிறுமியாகப் படித்தபோது வந்த பழக்கம். அங்கே எதையும் நேராக எழுதிவிடக் கூடாதாம். முதலில் மட்டமான தாளில், அடித்துத் திருத்தி, ஒரு பிரதி. அதற்கு ப்ரூயோன் என்று பெயர். பிறகு அதைப் பார்த்து, நல்ல தாளில், ஒரு அடித்தல் இல்லாமல் நல்ல பிரதி. ஆசிரியர் கையில் நல்ல பிரதி மட்டும்தான் போக வேண்டும். ப்ரூயோனைப் பிறருக்குக் காட்டுவது குளிக்காமல் விசேஷ வீட்டுக்குப் போவதுபோல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான். கடைக்கு எழுதும் மளிகைச் சீட்டைக்கூட அவர் நல்ல பிரதி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் கணவர் கேலி செய்வார். “உங்க அக்கா இப்ப ப்ரூயோன்ல இருக்காங்க. பொறுத்துப் போய்ப் பேசு.”

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அலுவலகங்களில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. அவர் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கும் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மேல்வகுப்புகளில் பாடம் நடத்துகிறவர்கள் பி.ஏ. ஆங்கிலத்தில் தேற வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் தேறாவிட்டால் சின்ன வகுப்புக்குப் போக வேண்டும். அவர் பதினைந்து வருடமாக ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வகுப்பை விட்டுப் போவது என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. ஆசிரியர்கள் கல்லூரிக்குப் போகாமலே பல்கலைக்கழகப் பரீட்சை எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. அவருடைய பழைய படிப்பை இன்டர்மீடியட்டுக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது மொழியாகப் பிரெஞ்சு எடுத்து அதை முதல் தடவையிலேயே முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஆங்கிலம்.

நான் கல்யாணத்துக்கு முன் சென்னையில் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் படித்தவள். பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருந்தது. ஒரு நாள் அவர் கிணற்றடியைத் தாண்டி வந்து நின்றார். உதடுகள் அசைந்தன.

“அந்தக் கட்டைப் பாக்கலாமா? நான் எழுதறத நீ படிச்சிட்டுத் தப்பு சொல்லணும். தயவு பார்க்கக் கூடாது.”

எனக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. தப்பு சொல்ல நான் யார் என்று நினைத்துக்கொண்டேதான் சரி என்றேன்.

அவர் படித்ததுபோல் ஆங்கிலம் படித்தவரை நான் விடுதியிலும் பார்த்ததில்லை. நாங்கள் அங்கே இலக்கண விதிகளை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோம். அவர் ஒரு நீள நோட்டில் பத்தி பத்தியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், அடுத்து பிரெஞ்சு, அடுத்து தமிழ், கடைசியில் அந்தச் சொல்லை வைத்து அவரே எழுதிய ஒரு வாக்கியம். புத்தகத்து வாக்கியம் கூடாது, கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட கட்டளை. அதனால் அந்த நோட்டில் எங்கள் தெரு முழுவதும் இருந்தது. பக்கத்து மேட்டுப்பாளையத்து வண்டிக்காரர் மாட்டைத் திட்டியது செயப்பாட்டு வினையில் இருந்தது. மீன்காரம்மா நேற்று வராதது இறந்தகாலத்தில் இருந்தது. அவள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

ஆங்கிலத்தில் பாதிச் சொற்கள் அவருக்குப் பிரெஞ்சு வழியாக ஏற்கெனவே தெரிந்தவை, உச்சரிப்புதான் வேறு. “இது எங்க வீட்டுப் புள்ளதான். ரோட்டுல என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போவுது” என்பார் சிரித்துக்கொண்டு.

ஒரு நாள் நோட்டைப் புரட்டியபோது கவலைப்படுவதைக் குறிக்கும் ‘ஆங்ஷியஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. பக்கத்துக் கட்டில் இருக்கும் தாய், குழந்தை தூங்கும்போது அதன் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“கஷ்டமா இருக்கா? வேற வாக்கியம் எழுதட்டுமா?”

“வேணாங்க்கா. நெசந்தானே.”

“நெசம்தான்னு எனக்கும் தெரியும். இலக்கணம் சரியா, அதச் சொல்லு.”

சரியாகத்தான் இருந்தது.

இரண்டு முறை எழுதும் அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு கை கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். அந்த வருடம் மழைக்காலத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல். மதியம் முழுவதும் குறையவில்லை. கணவர் மில்லில் இருந்தார். டாக்டரிடம் கிளம்புகிற அவசரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார் ஒருபக்கம், “புள்ளைக்குத் தலைக்கு ஊத்தாதன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்” என்று புலம்பிக்கொண்டிருந்தார். அக்கா பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னை உட்கார வைத்து ஒரு தாளை நீட்டினார்.

“டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போற? எழுது.”

“இப்பவாக்கா எழுதறது? நேரம் போவுதே!”

“எழுதாம போனா அங்க போயி அழுவ. எழுது. எப்ப ஆரம்பிச்சிது? எத்தன தடவ வெளிய போச்சி? பால் குடிச்சிதா?”

எழுதினேன். தாறுமாறாக, கண்ணீர் சொட்டியதோடு. அவர் அதை வாங்கி ஐந்து வரியாக நல்ல பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். டாக்டர் பழைய காலத்து மனிதர், பயந்த தாய்மார்களைக் கண்டால் எரிந்து விழுவார். அன்று அந்தத் தாளை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒரு கேள்வி மிச்சம் வைக்கல. எல்லாத் தாயும் இப்படி வந்தா எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுசு கூடும்” என்றார். நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் விடுவது என் வழக்கம். அதனால்தான் அடுத்தது நடந்தது.

மார்ச் மாதம் பரீட்சை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை மாதிரியே நேரம் வைத்து எழுதிப் பார்க்க விரும்பினார். டைம்பீஸை நான் பார்த்துக்கொண்டேன். இலக்கணமும் கட்டுரையும் சேர்ந்த தாள். மூன்று மணி நேரம். சுருக்கி எழுதுவது, வாக்கியங்களை மாற்றுவது, சொற்களுக்கு எதிர்ச்சொல், கடைசியில் நீளமாக ஒரு கட்டுரை. அவர் எல்லாவற்றையும் ப்ரூயோனில் எழுதி முடித்தபோது இரண்டே கால் மணி நேரம் போயிருந்தது. பிறகு நல்ல பிரதி எடுக்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் ஆனதும் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். முடிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

படித்துப் பார்த்தேன். ஒரு தப்பு இல்லை. என்னால் அப்படி எழுத முடியாது. ஆனால் எங்கள் பரீட்சைக் கூடங்கள் எப்படி என்பது எனக்குத் தெரியும். மணி அடித்த நிமிடம் தாளைப் பிடுங்குவார்கள். அங்கே யாரும் இரண்டு முறை எழுதுவதில்லை.

“அங்க நேரம் கம்மிங்க்கா” என்றேன்.

“தெரியும். மூணு மணி நேரம். அன்னைக்கு இன்னும் வேகமா எழுதுவேன்.” உதடுகள் அசைந்தன. “ப்ரூயோனுக்குத் தனித் தாள் குடுப்பாங்களா?”

அப்போது சொல்லியிருக்கலாம். ப்ரூயோனே வேண்டாம், நேராக எழுதுங்கள் என்று. பதினைந்து வருடம் பாடம் நடத்தியவரிடம், எழுத்தே உயிராக இருப்பவரிடம், கைக்குழந்தைக்காரி நான் போய் எழுதும் முறையையே மாற்றச் சொல்வதா? என் கணக்கு தவறாக இருந்தால்? அவர் கை நடுங்கி உள்ளதும் கெட்டுப்போனால்? கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

“தனித் தாள் கெடையாதுங்க்கா. விடைத்தாள்லயே கடைசிப் பக்கங்கள்ல எழுதலாம். குடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குக் குறுக்க ஒரு கோடு போட்டுடணும்.”

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். “ஒரு வார்த்த சொல்லிடேன். என்ன, அடிச்சிடவா போறாங்க?” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பரீட்சை வரைக்கும் அந்த நாளை வரவில்லை.

கடலூரில் பரீட்சை எழுதிவிட்டு அவர் பஸ்ஸில் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். முகம் தெளிவாக இருந்தது.

“எப்படிக்கா?”

“கேள்வி எல்லாம் தெரிஞ்சதுதான். ஆறு பக்கம் நல்ல பிரதி ஆயிடுச்சி. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. மீதி பதினோரு பக்கம் ப்ரூயோன். நீ சொன்ன மாதிரியே பதினோரு பக்கத்துக்கும் குறுக்கக் கோடு போட்டுட்டுதான் குடுத்தேன்.”

கோடு போட்ட பக்கத்தைத் திருத்துகிறவர் படிக்க மாட்டார். இல்லாததாகவே வைத்துக்கொள்வார். கட்டுரை முழுவதும் அந்தப் பதினோரு பக்கத்தில் இருந்தது. கோடு போடாமல் அப்படியே கொடுத்திருந்தால்கூட மதிப்பெண் விழுந்திருக்கும். “நல்லா வரும்க்கா” என்று சொல்லிவிட்டு, பாப்பா அழுவதாகச் சாக்குச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையில் முடிவு வந்தது. அவருடைய எண் இல்லை. பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரைச் சின்னப் பெண்களின் தையல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். “ரெண்டு பேரும் கெணத்தடியில உக்காந்து படிச்ச படிப்புக்கு ஊசி நூலுதான் மிச்சம்” என்றார் மாமியார், என் காதில் விழும்படியாக.

அவர் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கிளம்பவில்லை. அதே கஞ்சி போட்ட சேலை, அதே குடை. சாயங்காலம் திரும்பி வந்ததும் இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவார். செப்டம்பரில் மறுபடி எழுதலாம். ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்தது புத்தகத்தின் முதல் பாடம். பெயர்ச்சொல் என்றால் என்ன என்ற பாடம்.

“இத எதுக்குக்கா திரும்பவும்?”

“அடித்தளம் சரியில்ல. இருந்தா தேறியிருப்பேனே. மொதல்லேர்ந்து வரணும்.”

ஒரு வாரம் பார்த்தேன். எல்லாம் தெரிந்த ஒருவர், தமக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைபோல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“அக்கா, உங்க இலக்கணத்துல ஒண்ணும் கொறை இல்ல. ப்ரூயோன்தான் காரணம். நீங்க கோடு போட்ட பக்கத்த யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.”

அவர் புத்தகத்தை மூடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்போ அது நல்லா இருந்துதா?”

“எதுங்க்கா?”

“கட்டுரை.”

கட்டுரை முழுவதையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஆங்கிலத்தில், கிணற்றடியில், வாளியைப் பார்த்துக்கொண்டு. நான் கேட்டு முடித்து, “அது ஒண்ணே போதும்க்கா, தேறியிருப்பீங்க” என்றேன்.

“இது உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்க்கா. ஞாயித்துக்கெழம எழுதிப் பாத்தீங்களே, அன்னைக்கே தெரியும். நீங்க பெரியவங்க. நான் போயி உங்களுக்கு...”

அவர் என் தோளைத் தொடவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

“நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்” என்றார். “அது வேற. நீ சொல்லியிருக்கணும்.”

நான் தலையசைத்தேன். இரண்டுமே உண்மை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து நாங்கள் இலக்கணம் படிக்கவில்லை. நேராக எழுதப் பழகினோம். டைம்பீஸ் நடுவில். மட்டத்தாள் ஒன்றுகூட அருகில் இருக்கக் கூடாது என்று அவரே சொல்லி எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டார். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நான்கு வரி எழுதினார். வேர்வை புறங்கையில் ஓடியது.

“என்னாம்மா இது. துணி இல்லாம கடத்தெருவுல நிக்கிற மாதிரி இருக்குது.”

“தப்பு வந்தா அடிங்கக்கா. அடிச்சிட்டு மேல போங்க.”

“அடிச்சா தெரியுமே.”

“தெரிஞ்சா தெரியட்டும்.”

முப்பத்தெட்டு வயதில் கையின் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த இரண்டு மாதத்தில் கண்ணால் பார்த்தேன். அடித்த சொல்லைப் பார்க்க முடியாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார். ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் கிணற்றில் நீர் இறைத்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நான்கு வரி ஒரு பக்கமானது. ஒரு பக்கம் மூன்றானது. ஆகஸ்டு கடைசியில் மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் முடித்தார். அந்தத் தாளில் அடித்தலும் திருத்தலும் நிறைய இருந்தன. எனக்குப் படிக்கக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் பரீட்சைக்கு நானும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலூர் போனேன். வெயிலில் குழந்தையைக் கொண்டுபோகலாமா என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன். ஏறிய பிறகும் யோசித்தேன். மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தது. அவர் கடைசியாக வந்தார்.

“எல்லாம் எழுதிட்டீங்களாக்கா?”

“எழுதிட்டேன். நாலாவது கேள்வியில ஒரு வாக்கியம் சரியில்ல. தெரிஞ்சேதான் விட்டுட்டு வந்தேன்” என்றார்.

முடிவு வந்த அன்று பத்திரிகையைக் கணவர்தான் முதலில் பார்த்தார். எண் இருந்தது. மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி. நான் இரண்டு முறை, மூன்று முறை சரிபார்த்தேன். சாயங்காலம்வரை காத்திருக்க முடியவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே போனேன்.

தையல் வகுப்பு கடைசி அறை. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் குனிந்து நூலை முடிச்சிடக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார், என்னையும் என் கையிலிருந்த பத்திரிகையையும் பார்த்தார். ஆனால் வரவில்லை. அந்த முடிச்சு முடியும்வரை அங்கேயே இருந்தார். பிறகு ஜன்னலண்டை வந்தார்.

“தேறிட்டீங்க்கா. மூணாம் வகுப்புதான்” என்றேன்.

அவர் பத்திரிகையை வாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறையின் சுவரைத் தலையால் காட்டினார்.

“அந்தப் பக்கம்தான் ஏழாவது. பேசறது எல்லாம் இங்க கேக்கும். கங்கை முடிஞ்சி கோதாவரி ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு பிரான்சுல ஓடற செய்ன் நதியும் லுவார் நதியும்தான் தலகீழா தெரியும். அதான் தெனமும் இங்கேர்ந்தே கேட்டுப் படிச்சிக்கிட்டு வர்றேன். நான் திரும்பி அங்க போறப்ப கிருஷ்ணாவுல இருப்பாங்க.”